துளை விழாத மணி

தம்பி ஜோவுக்கு,

டர்போ வண்டியில் பிக்கப் இல்லையென்றால் முதலில் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கரைக்க வேண்டும். காற்றுக் குழாய்களின் மேல் அதைத் தடவி, ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும். உங்கள் அண்ணன் எனக்குக் கற்றுக்கொடுத்தது. கல்யாணமான புதிதில்கூட அவர் எதையும் எனக்கு இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

அவருடைய பழைய காரை விற்பதற்காகக் கழற்றிப் பார்த்ததில், டீசல் பம்புக்குப் போகும் சின்ன டியூபுக்குள் பீங்கான் மணி ஒன்று இருந்ததாகச் சொல்லியனுப்பியிருந்தீர்கள். மெக்கானிக் அர்ச்சுனன் வேலைதான் அது, போலீசுக்குப் போகப் போகிறேன் என்றும் சொன்னீர்களாம். அவர் பாவம், விட்டுவிடுங்கள். அது நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனி மணி. ஹீட்டர் கம்பியில் கோப்பதற்காகச் செய்வது. ஆயிரத்தில் ஒன்று துளை விழாமல் வந்துவிடும். கழிவுக் கூடையில் போட்டுவிடுவோம். அதில் ஒன்றை நான்தான் எடுத்து வந்தேன்.

2003இல் அவர் அந்தக் காரை வாங்கினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நாலு கூட்டாளிகளோடு வேப்பூர் ஹைவேக்குப் போய்விடுவார். நூற்றிருபதில் ஒரு ஓட்டம், அப்புறம் பரோட்டா. நானும் வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ ஏறினா வெயிட்டு கூடும் மெர்சி. டர்போ எடுக்காது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. அந்த வேகத்தில் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான்.

எந்த டியூப் என்பதையும் அவரேதான் நோட்டில் படம் போட்டுக் காட்டியிருந்தார். டர்போ காற்றைத் தள்ளும். காற்று கூடிவிட்டது என்று பம்புக்குச் சொல்லி டீசலைக் கூட்டச் சொல்வது இந்தச் சின்ன டியூப்தான். சேதி போகாவிட்டால் வண்டி மாட்டுவண்டி. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் கழற்றி, மணியை உள்ளே தள்ளி, மாட்டிவிட்டேன். காபி ஆறுவதற்குள் முடிந்த வேலை.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே இருந்தார். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் என்பார், நான் எடுத்துக் கொடுப்பேன். பில்டர் மாற்றினார். டர்போவைக் கழற்றி விரலால் ஆட்டிப் பார்த்தார். விசில் வருகிறது, புகையும் இல்லை, பிறகு ஏன் இழுக்கவில்லை என்று சாப்பிடும்போதும் என்னிடம் கேட்பார். சின்ன டியூபிலும் நுரை தடவினார், ஓட்டை இல்லை. அடைப்பு இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. நான் அடுத்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். தம்பி, அந்த மாதங்களில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அன்றைக்கு அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது, பாண்டிச்சேரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னார். உங்கள் வேன் ஒர்க் ஷாப்பில் இருந்தது, வேறு வண்டியும் கிடைக்கவில்லை. இந்தக் காரை நீங்கள்தான் ஓட்டினீர்கள். எவ்வளவு மிதித்தும் அறுபதைத் தாண்டவில்லை. நெய்வேலிக்கு முன்னால் ஒரு கரும்பு லாரியை முந்த முடியாமல் ஹாரன் அடித்தபடியே அதன் பின்னால் போனோம். பின் சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்தது. அந்த நிலையிலும் மனுஷன் எஞ்சின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெர்சி, காத்து நல்லா வருது. டீசல்தான் கூடல. பம்புக்குப் போற சின்ன டியூபு அடைச்சிருக்கும். ஜோவ நிறுத்தி கழட்டச் சொல்லு" என்றார்.

ஹாரன் சத்தத்தில் உங்களுக்குக் கேட்டிருக்காது. இரண்டு நிமிட வேலை. ஆனால் கழற்றினால் மணி உங்கள் கையில் விழும், அவர் பார்ப்பார். கம்பெனி விட்டு வந்ததும் என் முந்தானையிலிருந்து தினமும் உதிர்கிற மணி அவருக்குத் தெரியாதா.

"போன வாரமே கழட்டிப் பாத்தீங்களே, சுத்தமாத்தான இருந்துது. மறந்துட்டீங்களா" என்றேன்.

"ஆமால்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார். பாண்டிச்சேரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று அங்கே டாக்டர் சொன்னதிலிருந்து நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பிழைப்புக்கு ஓட்டும் வேனும் ஷெட்டிலேயே நிற்கிறது. நீங்கள் மெதுவாக ஓட்டவில்லை தம்பி. வேனை எடுங்கள். இந்தக் கடிதத்தைப் போலீசில் கொடுத்தாலும் நான் மறுக்க மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில், நான் சொன்னதை உங்கள் அண்ணன் மறுபேச்சு பேசாமல் ஒத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

அன்புடன்,
அண்ணி மெர்சி