ரத்த உறவினர் கையொப்பம்

தம்பி: இங்க பாரு, கடைசிப் பக்கம். 'ரத்த உறவினர் கையொப்பம்'. இந்தா பேனா.

அக்கா: முதல்ல நீ என்ன எழுதியிருக்கேன்னு படிக்க விடு.

தம்பி: டாக்டர் உள்ள கூப்பிட்டுருவார்க்கா...

அக்கா: கூப்பிடட்டும். 'தந்தை: அடக்க முடியாத கோபம். தாத்தா: அதே.' தாத்தாவை நீ எங்கடா பாத்த?

தம்பி: அப்பாவே அப்படின்னா அவரைப் பெத்தவர் மட்டும் சாதுவாவா இருந்திருப்பார்? பரம்பரைக்கா.

அக்கா: ஓகோ. நீயே வைத்தியமும் பாக்க ஆரம்பிச்சிட்ட.

தம்பி: கிண்டல் பண்ணாத. ஸ்கேன் எடுத்தாச்சு. நெத்திக்குப் பின்னாடி மூளையில ஒரு இடம் இருக்காம். அதுதான் கோபத்துக்கு பிரேக். சில பேருக்குப் பொறப்புலயே சரியாப் பிடிக்காதாம். அப்பாவுக்கும் இப்படித்தான்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா, வியாதின்னு எழுதித் தருவார். கோர்ட்ல காட்டினா என் பாப்பாவை என்கிட்டயே திருப்பி அனுப்புவாங்க.

அக்கா: பாப்பா என் வீட்டுல உக்காந்து இடது கையால எழுதப் பழகிட்டிருக்கா. வலது கையில கட்டுப் பிரிக்க இன்னும் மூணு வாரம் ஆகும்.

தம்பி: ...நான் வேணும்னேவா செஞ்சேன்?

அக்கா: உன் மேனேஜர் உன்னைக் கண்டபடி திட்டுறார்னு புலம்புவியே. அவர் கையை என்னைக்காவது முறுக்கினியா?

தம்பி: அது வேற...

அக்கா: என்ன வேற? ஆபீஸ்ல மட்டும் பிரேக் நல்லாப் பிடிக்குதா?

தம்பி: வாயைக் கிளறாத. ரத்தத்துல ஊறினதை நான் என்ன பண்ண முடியும்? அப்பா பெல்ட்டைக் கழட்டினா நீயும்தானே கட்டிலுக்கு அடியில ஒளிஞ்ச.

அக்கா: ஒளிஞ்சேன். இப்ப எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. இதுவரைக்கும் ஒரு அடி அடிச்சதில்ல.

தம்பி: நீ பொம்பளை. அது ஹார்மோன்.

அக்கா: அதுக்கும் ஒண்ணு தயாரா வச்சிருக்க...

தம்பி: போடுக்கா. நர்ஸ் கதவுகிட்ட வந்து நிக்கிறாங்க பாரு.

அக்கா: என்னால போட முடியாது.

தம்பி: என்மேல அவ்வளவு வெறுப்பா?

அக்கா: வெறுப்புதான். ஆனா அதுக்காக இல்ல. இதுல ரத்த உறவினர்னு போட்டிருக்கு... உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தா. உன்னை அநாதை இல்லத்துலேருந்து தூக்கிட்டு வந்தப்ப எனக்கு ஏழு வயசு. நீ அவங்களுக்குப் பொறக்கலடா. அப்பா ரத்தம் ஓடுறது என் உடம்புல மட்டும்தான்.

தம்பி: தெரியும்க்கா. அம்மா என்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போனா. ...அப்பா அடிக்கிறதைத் தினம் பாத்துட்டே இருந்தேன். எல்லாரும் அவரைக் கண்டு நடுங்கினது எனக்குப் பிடிச்சிருந்துது. அதை இந்தத் தாள்ல எங்க எழுதறது? நீ கையெழுத்தைப் போடு.