கடுகுக்கு எந்தக் கால் வெள்ளை?

மாமனார்: சோபாவுக்கு அடியில பார்த்தீங்களா?

மாப்பிள்ளை: மூணு தடவை பார்த்துட்டேன் மாமா. உங்க மூக்குக் கண்ணாடிதான் கிடைச்சுது.

மாமனார்: கிடைச்சுதா! ஒரு மாசமா... சரி, சரி, முறைக்காதீங்க. இதோ, என் காலடியில ஒண்ணு படுத்திருக்கே?

மாப்பிள்ளை: அது மிளகு. காணாமப் போனது கடுகு.

மாமனார்: ரெண்டும் கையளவு நாய். ரெண்டும் கருப்பு. மனுஷனுக்குக் குழப்பம் வராதா?

மாப்பிள்ளை: கடுகுக்கு ஒரு கால் வெள்ளை மாமா.

மாமனார்: அது சரி. தெருவுல பார்த்தீங்களா?

மாப்பிள்ளை: பேக்கரி வரைக்கும் ஓடிட்டு வரேன். கிறிஸ்துமஸ் லீவு, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நாலு வண்டி. ஒவ்வொரு டயருக்கும் அடியில குனிஞ்சு பார்த்தேன். ஒருத்தர் என்னைத் திருடன்னு நினைச்சு, "யாருய்யா நீ"ன்னார்.

மாமனார்: என்ன சொன்னீங்க?

மாப்பிள்ளை: ஃபேக்டரியில சேஃப்டி ஆபீசர்னு சொன்னேன். அவர் இன்னும் சந்தேகமாப் பார்த்தார்.

மாமனார்: பின்னே? ஆயிரம் பேர் தலையில ஹெல்மெட் மாட்டி விடுறவருக்கு, மூணரைக் கிலோ நாயைப் பார்த்துக்க...

மாப்பிள்ளை: குத்துங்க மாமா, நல்லாக் குத்துங்க. பதினாலு விதி எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுத்தி வேலி போட்டேன். விளக்கு ஒயரையெல்லாம் குழாய்க்குள்ள விட்டேன். ஜிகினாத் தாளைக் கைக்கு எட்டாத உயரத்துல கட்டினேன்...

மாமனார்: நம்ம கைக்கே எட்டல.

மாப்பிள்ளை: கடுகோட மெத்தையைக் கூட எடுத்துப் பரண்ல போட்டேன். பஞ்சு பிதுங்கியிருந்துது, தின்னுட்டா குடல்ல அடைச்சுக்கும்.

மாமனார்: எல்லாம் செஞ்சீங்க. என் மக போன் பண்ணினப்ப "ரெண்டும் தூங்குது"ன்னு எதுக்குச் சொன்னீங்க? தும்பை விட்டுட்டு வாலைப் பிடிச்ச கதையா இருக்கு.

மாப்பிள்ளை: அப்ப காணோம்னே எனக்குத் தெரியாது மாமா! அவ "என்னங்க, கடுகு..."ன்னு ஆரம்பிச்சா. நான் முடிக்க விடாம, "ரெண்டும் தூங்குதும்மா, நீ நிம்மதியா உன் அக்கா வீட்டுக்குப் போ"ன்னு வச்சுட்டேன். அப்புறம் திரும்பிப் பார்த்தா ஒண்ணுதான் தூங்குது.

மாமனார்: கேட்கக் கூட விடாம அப்படி என்ன அவசரம்?

மாப்பிள்ளை: ...வாயில கேக் இருந்துது.

மாமனார்: சர்க்கரையை வச்சுக்கிட்டா?

மாப்பிள்ளை: மெதுவாப் பேசுங்க.

மாமனார்: இங்க யாரு இருக்கா, மிளகைத் தவிர? ஆமா, ஹால்ல கேமரா மாட்டினீங்களே, நாய் எப்பப் போச்சுன்னு அதுல தெரியாதா?

மாப்பிள்ளை: அது சுவரைப் பார்த்துட்டு இருக்கு மாமா.

மாமனார்: யாரு திருப்பினது?

மாப்பிள்ளை: நான்தான். அவ அங்கிருந்து போன்லயே பார்ப்பா. ரெண்டே துண்டு கேக்குக்காக...

மாமனார்: அட, ரொம்ப நல்லாருக்கு மாப்ள. நாயைப் பார்க்க வச்ச கேமரா, மாப்பிள்ளையைப் பார்த்துடும்னு...

மாப்பிள்ளை: ஆனா தட்டுல நாலு துண்டு குறையுது.

மாமனார்: ம்...

மாப்பிள்ளை: மாமா?

மாமனார்: கேக்ல திராட்சை இருக்கு, நாய்க்கு ஆகவே ஆகாதுன்னு உங்க விதியிலதானே இருக்கு? அதுங்க வாய்க்குப் போயிடக் கூடாதேன்னு...

மாப்பிள்ளை: நீங்க சாப்பிட்டு நாயைக் காப்பாத்தினீங்க.

மாமனார்: விதியை மதிச்சேன்.

மாப்பிள்ளை: அப்ப அந்த மூணாவது விதி? வாசல்ல நான் மாட்டின உள்கேட்டைத் திறந்து போடக் கூடாதுன்னு?

மாமனார்: மூணாவதா? அது எது?

மாப்பிள்ளை: கேட்டுக் கொக்கியில உங்க செருப்பு சொருகியிருக்கே மாமா.

மாமனார்: முப்பது வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகர் நான். டிக்கெட் இல்லாம ஒரு ஆள் என்னைத் தாண்டிப் போனதில்ல தெரியுமா?

மாப்பிள்ளை: செருப்பைப் பத்திக் கேட்டேன்.

மாமனார்: அந்தக் கொக்கியைத் தூக்கணும், திருப்பணும், அழுத்தணும்... எனக்கு வரல மாப்ள. பார்சல்காரன் மணி அடிச்சுட்டே நிக்கிறான். அதான் செருப்பைச் சொருகி... ரெண்டே நிமிஷம். கையெழுத்துதான் போட்டேன்.

மாப்பிள்ளை: அந்த ரெண்டு நிமிஷத்துலதான்...

மாமனார்: தெரியும். ஒரு மணி நேரமா அதையேதான் நினைச்சுட்டு இருக்கேன். திட்டிடுங்க.

மாப்பிள்ளை: உங்களை எந்த வாயால திட்டுறது? கேக் தின்ன வாய் மாமா இது. எனக்குப் பயமா இருக்கு. பட்டாசு சத்தம் கேட்டாலே என் சட்டைக்குள்ள பூந்துக்கும். இப்ப எந்த மூலையில நடுங்கிட்டு நிக்குதோ.

மாமனார்: வீட்டுக்குள்ள நாயே வேணாம்னு சண்டை போட்டவன் நான். இப்ப மத்தியானம் அது வந்து வயித்து மேல படுக்கலைன்னா தூக்கமே வரதில்ல... இருங்க, உங்க போன்.

மாப்பிள்ளை: ஐயோ, மெசேஜ். "அஞ்சு நிமிஷத்துல வீடியோவுல வரேன். ரெண்டு குட்டியையும் காட்டுங்க"ன்னு போட்டிருக்கா.

மாமனார்: உண்மையைச் சொல்லிடலாம்.

மாப்பிள்ளை: சொல்லலாம்... ஆனா உடனே காரைத் திருப்பிடுவா. அழுதுட்டே ஓட்டுவா. ராத்திரிக்குள்ள எப்படியாவது தேடிட்டா... மாமா, அந்த முகப் பவுடர் எங்க?

மாமனார்: எதுக்கு? ஓ... வேணாம் மாப்ள. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம், நாயைப் பவுடர்ல...

மாப்பிள்ளை: முதல்ல மிளகை மிளகாக் காட்டுறோம். அப்புறம் அதையே கடுகாக் காட்டுறோம். எந்தக் கால் வெள்ளை?

மாமனார்: முன்னங்கால். வலது.

மாப்பிள்ளை: இடது இல்ல?

மாமனார்: ரெண்டு வருஷமா வளர்க்கிறீங்க!

மாப்பிள்ளை: நீங்களும்தானே? இருங்க, போட்டோவுல பார்ப்போம்... எல்லாத்துலயும் நம்ம மூஞ்சிதான் பெருசா இருக்கு. நாய்க்குக் காதுதான் தெரியுது.

மாமனார்: வலது. எழுதியே தரேன்.

மாப்பிள்ளை: வந்துட்டா... ஹலோ, சொல்லும்மா! சேர்ந்துட்டியா?

மகள்: எப்பவோ சேர்ந்துட்டேன். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

மாப்பிள்ளை: ஃபேன் ஓடல.

மகள்: பின்னாடி சுத்துதே.

மாப்பிள்ளை: இப்பதான் சரியாச்சு.

மகள்: அப்பா எங்க?

மாமனார்: இங்கதாம்மா இருக்கேன். மிளகோட விளையாடிட்டு இருக்கேன். பாரு, மிளகு! முழுக் கருப்பு!

மகள்: ஏம்ப்பா கத்தறீங்க? சரி, கடுகு?

மாப்பிள்ளை: உள்ள இருக்கு. ஒரே நிமிஷம்... சிக்னல் சரியில்ல... போனைக் கவுத்து வைக்கிறேன்... மாமா, சீக்கிரம், போடுங்க, போடுங்க...

மகள்: என்னத்தைப் போடணும்?

மாப்பிள்ளை: சாப்பாடு! அதுக்கு! இதோ வந்துட்டா கடுகுச் செல்லம். பார்த்தியா? வெள்ளைக் கால்.

மகள்: ஆமா, நல்ல வெள்ளை. எப்பவும் இல்லாத வெள்ளை.

மாமனார்: குளிப்பாட்டினோம்மா.

மகள்: ரெண்டையும் ஒண்ணாக் காட்டுங்களேன்.

மாப்பிள்ளை: ஒண்ணாவா? அதுங்களுக்குள்ள சண்டை. பேச்சு வார்த்தையே இல்ல.

மகள்: ஓஹோ. எதுக்குக் காலை நக்குது?

மாமனார்: பாசம்மா.

மகள்: தன் கால் மேலயேவா? நக்க நக்க வெள்ளை போகுதே, அப்பா?

மாப்பிள்ளை: ஏய், நக்காதே! மாமா, பவுடர் வயித்துக்குள்ள போகுது! ஈரத்துணி எடுங்க! விடு, காலை விடுடா மிளகு...

மகள்: மிளகா? என்னங்க?

மாப்பிள்ளை: கடுகைக் காணோம்மா. ஒரு மணி நேரமாத் தேடுறோம். கேமராவை நான்தான் சுவர் பக்கம் திருப்பினேன், கேக் தின்னுறதுக்கு. ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்லிக் கொடுக்கிற முட்டாள்... என்னால உன் குட்டி போச்சும்மா.

மாமனார்: அவரைத் திட்டாதம்மா. கேட்டைத் திறந்து போட்டது நான். மிச்ச ரெண்டு துண்டும் நான்தான்.

மகள்: அழறீங்களா என்ன?

மாப்பிள்ளை: இல்ல. பவுடர் கண்ணுல...

மகள்: ரெண்டு பேரும் முதல்ல உட்காருங்க. கடுகுக்குப் பின்னங்கால்தான் வெள்ளை. நீங்க அதோட மெத்தையைத் தூக்கிப் பரண்ல போட்டீங்க, அது என் துணிப்பைக்குள்ள ஏறிப் படுத்துக்கிச்சு. நான் என்ன யோக்கியம், பையைக் கார்ல வச்சு ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கேன், குறட்டை கேட்டப்பதான் திரும்பிப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் முதல்ல கூப்பிட்டேன். "ரெண்டும் தூங்குது"ன்னு வச்சுட்டீங்க. சரி, எப்பத்தான் எண்ணிப் பார்ப்பீங்கன்னு நானும் இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன். காலையில இருந்து நீங்க சொன்னதுல அது ஒண்ணுதாங்க நிஜம். தூங்கத்தான் செய்யுது... இதோ, என் மடியில.