வயலட் மருந்து

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் நீங்கள் கதவைத் தட்டியபோது நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். இந்த அறைக்கு யாரும் வருவதில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், சினேகா அக்கா.

நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் உட்காருங்கள். நான் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறேன்.

சென்னை டாக்டர் உங்களிடம் கேட்டதை நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டு முறை உங்கள் அம்மாவின் பாதத்தை ஒருத்தி கையில் ஏந்திப் பார்த்திருக்கிறாளே, அவள் கண்ணில் இது படவில்லையா என்று. சொல்கிறேன். எனக்குப் பேச்சு சரளமாக வராது. வரிசையாகச் சொன்னால்தான் வரும்.

நான் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்பட்டேன், இடம் கிடைக்கவில்லை. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் கிராமம், சமணக் குடும்பம். அப்பா இறந்த பிறகு அம்மாவை அண்ணன் வீரேந்திரன் புனேவுக்கு அழைத்துப் போய்விட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு நான் இங்கே வந்தேன். டாக்டர் சந்திரகலாவின் தோல் கிளினிக்கில் ஒளி சிகிச்சை கொடுப்பது என் வேலை. திரை போட்டு மறைத்த ஒரு மூலை, புற ஊதா விளக்குகள் வைத்த ஒரு பெட்டி, ஒரு ஸ்டூல். நோயாளி பெட்டியின் மேல் கையையோ காலையோ வைப்பார். முதுகென்றால் பெட்டியை நிமிர்த்தி வைப்பேன். எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்று நான் அளந்து வைப்பேன். அவருக்கும் எனக்கும் கறுப்புக் கண்ணாடி. எனக்கு முகக்கவசமும் உண்டு. வெளிச்சம் படும் சில நிமிடங்கள் அவர்கள் ஏதாவது பேசுவார்கள். இந்த ஊரில் என்னோடு பேசியவர்கள் அவர்கள்தான்.

முதலில் கண்ணாயிரம் என்று ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முதுகிலும் இடுப்பிலும் படை. எந்த ஊர்ப் பஸ்ஸில் எந்த வளைவில் பிரேக் பிடிக்காமல் போனது என்று ஒவ்வொரு முறையும் ஒரு கதை சொல்வார். நான் சிரித்தால் இன்னொன்று சொல்வார். அவருடைய படை ஆறுவதும் திரும்புவதுமாகவே இருந்தது. வருடக்கணக்கில் படைபோல் தெரியும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் தோலில் வரும், சந்தேகப்பட்டால் ஒரு தடவையோடு நிறுத்தாமல் மறுபடியும் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆய்வுக் கட்டுரையில் படித்திருந்தேன். கூச்சத்தை விட்டு டாக்டரிடம் சொன்னேன். சதை எடுத்து அனுப்பினார்கள். நான் நினைத்ததுதான். சென்னைக்கு அனுப்பினார்கள். டாக்டர் என் தோளைத் தட்டி, நல்லா கவனிச்சிருக்கே சுருதி என்றார்.

கண்ணாயிரம் பிழைத்துக்கொண்டார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். எதிரில் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் வேலூர் பஸ்ஸில் ஏறினார். கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாத என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

அதை ஏன் சொல்கிறேன் என்றால், சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உங்கள் அம்மா, ஆராயிம்மா, வந்தார். உள்ளங்காலில் சொரியாசிஸ். வெடித்து, வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. முதல் நாளே ஸ்டூலில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பேங்க்ல கொள்ளையடிக்கப் போறவ மாதிரி நிக்கிற. யாருகிட்ட காலக் குடுத்துகினு உக்காந்துகிறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? கழட்டும்மா அதை, மூஞ்சியப் பாக்கலாம்.”

கழற்றினேன். நல்லாத்தானே இருக்கிற என்றார். அதன் பிறகு அவர் வந்தால் கண்ணாடி போடுவதற்கு முன் கொஞ்ச நேரம் வெறும் முகத்தோடு நிற்பேன்.

அடி அண்ணாமலையில் அவருடைய இட்லிக் கடைக்குப் பௌர்ணமியில் எத்தனை கூட்டம் வரும் என்று உங்களுக்கே தெரியும். காலில் தோல் உரிகிறது என்று தெரிந்தால் ஒருத்தனும் சட்னி தொட்டுக்கொள்ள மாட்டான் என்று சொல்வார். அதனால் அந்தக் காலை யாருக்கும் காட்டியதில்லை. பக்கத்துக் கடைக்காரிக்குத் தெரியாது. உங்களுக்கே கொஞ்சம்தான் காட்டியிருக்கிறார். “என் காலு என்னைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் வேறு யாரும் எதையும் இப்படி நம்பிக் கொடுத்ததில்லை.

நான் இருட்டினால் சாப்பிடுவதில்லை என்பதை எப்படியோ கேட்டுத் தெரிந்துகொண்டார். கிளினிக் மூடும்போது பல நாள் இருட்டிவிடும். பட்டினியாகவே படுத்துவிடுவேன். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் அவர் வரும்போது கையில் ஒரு டப்பா இருக்கும்.

“வெங்காயம் போடல, பூண்டு போடல, உங்க சாமி கோச்சிக்காது. வெளிச்சம் கீறப்பவே துன்னுடு.”

அவர் கால் வெளிச்சத்தில் இருக்கும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று சாப்பிடுவேன். உங்கள் அம்மாவின் புளியோதரையில் வேர்க்கடலை நிறைய இருக்கும். வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் நான் யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது சாப்பிட்டேன்.

போன வருடம் ஆடி மாதம் அந்தப் புள்ளியைப் பார்த்தேன்.

இடது குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால், மிளகு அளவு. பெரிதாக்கிக் காட்டும் கைக்கருவியை வைத்துப் பார்த்தேன். உள்ளங்காலில் ரேகை ஓடுவது கடலை போட ஏர் ஓட்டிய நிலம் மாதிரி இருக்கும். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். கருப்பு பள்ளத்தில் நின்றால் பெரும்பாலும் அது சாதாரண மச்சம். மேட்டில் நின்றால் மெலனோமா என்கிற புற்றுநோயாக இருக்கலாம். நம் ஊர்க்காரர்களுக்கு அது வந்தால் உள்ளங்காலில்தான் அதிகம் வரும். உங்கள் அம்மாவுக்குக் கருப்பு மேட்டில் நின்றது.

“இன்னாமா அங்கயே பாத்துகினு இருக்கிற?”

டாக்டர் அடுத்த அறையில் இருந்தார். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். டப்பாவைத் திறந்தேன். சாப்பிடும்போது கண்ணாயிரம் நினைவுக்கு வந்தார். சென்னை, அறுவை சிகிச்சை, பிறகு நீங்கள் அம்மாவை அம்பத்தூரில் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வீர்கள். கடையை மூடுவீர்கள். டப்பாவைக் கழுவிக் கொடுத்தபோது, “ரத்தக்கட்டு, ஆராயிம்மா. கிரிவலத்துல கல்லு குத்தியிருக்கும்” என்றேன்.

“நானும் அதான் நெனச்சேன்” என்றார்.

நான் அக்கறையில்லாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பாதத்தில் அதிகம் அழுத்தம் விழும் இடத்தில்தான் இது கூடுதலாக வருகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறும் காலில் மலையைச் சுற்ற வேண்டாம், செருப்பு போடுங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். செருப்பு போட்டுகினு சுத்தினா அண்ணாமலையாரு, யாரு இந்த டூரிஸ்ட்டுனு கேப்பாரு என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிறையப் படித்தேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடும் புதிய ஊசிகள் வந்திருக்கின்றன. வெயில் பட்டு வெள்ளைக்காரர்களுக்கு வரும் மெலனோமாவில் அவை வேலை செய்யும் அளவுக்கு, உள்ளங்காலில் வருவதில் செய்வதில்லை. அதைப் படித்தபோது மனது கொஞ்சம் லேசானது. எங்கே போனாலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது என்று தோன்றியது. அதே கட்டுரையில் அடுத்த பத்தியையும் படித்தேன். மெல்லியதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள் என்று இருந்தது.

போன கார்த்திகை தீபத்துக்கு உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் பேசினீர்கள். அம்மா போனை என்னிடம் கொடுத்தார். சென்னைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டட்டுமா என்று கேட்டீர்கள். “வேணாம்க்கா, இப்பதான் நல்லா ஆறிட்டு வருது. நடுவுல விட்டா திரும்ப மொதல்லருந்து ஆரம்பிக்கணும்” என்றேன். நீங்கள் எனக்கு நன்றி சொன்னீர்கள். கூடப் பிறந்தவள் மாதிரி பார்த்துக்கிறீங்க என்றும் சொன்னீர்கள். அன்று முழுக்க அந்த வார்த்தை என்னோடு இருந்தது.

டாக்டர் மாதம் ஒருமுறை காலைப் பார்ப்பார். அதற்கு முன்னால் நான் வெடிப்புகளுக்கு வயலட் மருந்து தடவிவிடுவேன். அது எல்லோருக்கும் தடவும் மருந்துதான். வெடிப்பில் சீழ் பிடிக்காமல் இருக்கும். உள்ளங்கால் முழுவதும் நாவல்பழம் மிதித்தது போல் ஆகிவிடும். அதில் ஒரு கருப்புப் புள்ளி தனியாகத் தெரியாது. புள்ளி பெரிதாகப் பெரிதாக நான் இரண்டு முறை பூசினேன். மருந்து போட்டது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

“ஏன் சுருதி, இந்தக் காலு மட்டும் ஆறவே மாட்டேங்குது?” என்று டாக்டர் ஒருமுறை கேட்டார். தெரியலை மேடம் என்றேன்.

முழுவதும் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டீர்கள். அதனால் இதையும் சொல்கிறேன். கால் ஆறியிருக்கும். புள்ளி வருவதற்கு முன்பே நன்றாக ஆறத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலைந்து வாரத்தில் சிகிச்சையே தேவைப்பட்டிருக்காது. நான்தான் வெளிச்சத்தைக் குறைத்தேன். கொஞ்சம்தான். ஆறவும் ஆறாமல், முற்றவும் முற்றாமல், அப்படியே நிற்கிற அளவுக்கு.

இந்த வருடம் ஆவணியில் அவர் நொண்ட ஆரம்பித்தார். ஒருநாள் டாக்டர் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“தொடையிடுக்குல நெறி கட்டிகினு இருக்குது கண்ணு. டாக்டரம்மாகிட்ட சொல்லட்டா?”

தொட்டுப் பார்த்தேன். கொட்டைப்பாக்கு மாதிரி, அசையாமல் இருந்தது. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. அது எங்கிருந்து வந்திருக்கிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது.

“கால்ல வெடிப்பு இருந்தா நெறி கட்டத்தான் செய்யும். தானா அமுங்கிடும்மா.”

அவர் என் கன்னத்தைத் தட்டினார். நீ சொன்னா சரி என்றார்.

எங்கள் வீட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். விளக்கில் பூச்சி விழும் என்று இருட்டிய பின் அடுப்பு மூட்ட மாட்டோம். கையால் செய்வது, பிறரைச் செய்யவைப்பது, செய்கிறவருக்கு உடன்படுவது, மூன்றும் கொலைதான் என்று என் அம்மா சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் இந்த மூன்றையும் எடுத்துவைத்துப் பார்த்திருக்கிறேன். என் கை உங்கள் அம்மா மேல் மருந்தைத் தவிர வேறு எதையும் தடவியதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது அந்த மூன்றில் எதில் சேரும் என்று அம்மா சொன்னதில்லை. இனி புனேவுக்குப் போன் போட்டு அதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

பிறகு நீங்கள் இந்தத் தீபத்துக்கு வந்தீர்கள். அம்மா நொண்டுவதைப் பார்த்து, உட்காரவைத்து, தேங்காய் எண்ணெய் போட்டு அந்த வயலட் கறையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறீர்கள். கறைக்கு அடியில் புண் இருந்திருக்கிறது. மறுநாளே காரில் சென்னைக்குக் கூட்டிப் போய்விட்டீர்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் மாலை முழுக்கத் திரைக்குப் பின்னால் காத்திருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நுரையீரல் வரை போய்விட்டது என்றீர்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் புதிய ஊசி போடுகிறார்கள் என்றும், மாதக் கணக்கில்தான் பேசுகிறார்கள் என்றும் சொன்னீர்கள். நீங்கள் அழுவது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில்தான் பேசினீர்கள், அக்கா. செவ்வாயும் வெள்ளியும் நான்தான் கூட இருந்தேன். அவரை என்னைவிட யாரும் நன்றாகப் பார்த்துக்கொண்டதில்லை.

நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். டாக்டரிடம், போலீஸிடம். கேட்டால் இதையே இப்படியே சொல்வேன். எதையும் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். வந்ததும் வாசலில் நின்றே சொன்னீர்களே, அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, நீங்கள் ஊருக்குப் போகிறேன் என்றதும் அந்தப் பொண்ணு பொழுதோட துன்னுதான்னு பாத்துட்டு வான்னு சொல்லி அனுப்பினார் என்று. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்றும் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னால் ஒரு பை இருக்கிறது, பாருங்கள். அந்த வெள்ளிக்கிழமையே துணிமணி எடுத்துவைத்துவிட்டேன். உங்களோடு இப்போதே கிளம்பி வருகிறேன். புண்ணுக்குக் கட்டுப் போடத் தெரியும். அவர் கால் எனக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நர்ஸுக்கும் தெரியாது. சம்பளம் எதுவும் வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே எனக்குச் சாப்பாடு கிடைத்தால் போதும். அதைக்கூட நீங்கள் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அக்கா. அம்மா நினைவு வைத்திருப்பார்.