செயலாளர் தங்கராஜுவும் நூற்றுப் பதினான்கு வெற்றுப் படிவங்களும்

நம் காற்பந்துத் திடலை விற்கச் சம்மதம் கொடுத்தவர்கள் நூற்றுப் பதினான்கு பேர். அவர்களில் பாதிக்கு மேல் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு அது இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் மேடையில் இருக்கிறார்கள்.

இனி வணக்கம் சொல்கிறேன். மன்றத் தலைவர் அழகப்பன் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் இருக்கும் பூவம்மா அக்கா, நாற்காலி கிடைக்காமல் பின்சுவரோரம் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை அணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். நான் ஆரபி. மன்றத்தின் பெண்கள் அணிக்குப் பயிற்றுவிப்பாளர். நம் கௌரவச் செயலாளர் தங்கராஜு இறந்து இன்றோடு ஒன்பது நாள். எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். மன்றத்தின் தூண் என்றார்கள், முதுகெலும்பு என்றார்கள். நால்வரில் ஒருவர்கூட அரங்கம் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. முப்பத்தோரு வருடம் அந்த அரங்கத்தின் ஓரத் திடலில் நின்ற மனிதருக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறோம், அரங்கத்தைப் பற்றிப் பேசாமல் நடத்துகிறோம். எப்படி முடிகிறது?

இந்தப் படத்தைப் பாருங்கள். போன வருட ஆண்டு விழாவில் எடுத்தது. அவர் தோளில் ஒரு கை மட்டும் தெரிகிறது. அது நம் தலைவருடைய கை. தலைவரை வெட்டி எடுத்தவர்களுக்குக் கையை வெட்டி எடுக்கத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் பெரிய மலர்வளையம் தெலுக் லாமா தேசிய அரங்கத்தை நடத்தும் நிறுவனம் அனுப்பியது. உயிரோடு இருந்தபோது அவர் எழுதிய பதினேழு கடிதங்களுக்கு அவர்கள் பதில் போடவில்லை. செத்ததும் பூ வந்துவிட்டது.

கதை தெரியாமல் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தெலுக் லாமா அரங்கம் நட்டத்தில் ஓடுகிறதாம். விற்கப் போகிறார்கள். வாங்க நினைப்பவருக்கு நடுவில் இருக்கும் பெரிய அரங்கம் மட்டும் போதாது. சுற்றி இருக்கும் இரண்டு ஓரத் திடல்களும் வேண்டும். அங்கேதான் அடுக்குமாடி எழும்பும். அந்த ஓரத் திடல்களில்தான் நம்மைப் போன்ற பதினொரு சின்ன மன்றங்கள் விளையாடுகின்றன. பதினொரு மன்றங்களும் எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே திடல்களைச் சேர்த்து விற்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் போட வைத்தவர் யார்? செயலாளர் தங்கராஜு. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீல் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் காலை ஒன்பது மணிக்கு அரங்க நிறுவனத்தின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து, மாலை ஐந்து மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "இந்த வரி இல்லாம நான் வீட்டுக்குப் போக முடியாது லா. என் பொண்டாட்டி உள்ள விடமாட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் அவர்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வரியைப் போட்டுக் கொடுத்தார்கள்.

அவர் நல்லவர் என்று சொல்ல நான் வரவில்லை. பிடிவாதக்காரர். தொலைபேசியை எடுக்க மாட்டார். ஆறு வருடம் பெண்கள் அணிக்குத் திடல் தரவில்லை. நான் போய்க் கேட்டபோது, "பொம்பளப் பிள்ளைங்களுக்குத் தனி டாய்லெட் இல்லம்மா, நான் என்ன செய்ய?" என்றார். "ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கா அங்கிள்? எல்லாரும் அந்த மரத்துக்குப் பின்னாடிதானே போறாங்க" என்றேன். "மரம் ஒண்ணுதான் இருக்கு" என்றார். அடுத்த வாரம் அரங்கத்து டாய்லெட் சாவியும் வந்தது, திடலும் வந்தது. ஆறு வருடம் மறுத்ததற்கு அவர் ஒரு முறையும் மன்னிப்புக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு ஒரு முறையும் எங்கள் நேரத்தை வேறு யாருக்கும் கொடுத்ததுமில்லை.

பின்னால் நிற்கும் முகைதீனைக் கேளுங்கள். கட்டுமான வேலை, கோல்கீப்பர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரும் கூட்டாளிகளும் வேலிக்கு வெளியே நின்று நாம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் அணிக்கு அன்றைக்கு ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். செயலாளர் வேலிக்கு வெளியே போய், "யாருக்கு கோல் நிக்கத் தெரியும்?" என்று கேட்டார். ஒரு செயற்குழு உறுப்பினர் ஓடி வந்து, "அண்ணே, அவங்க மெம்பர் இல்லையே லா" என்றார். "மெம்பரெல்லாம் வீட்ல தூங்குறாங்கய்யா. இவங்களுக்குக் கால் இருக்கு" என்றார் தங்கராஜு. அன்றிலிருந்து ஞாயிறு நான்கு மணி அவர்களுடையது. அவர்களுக்கு வாக்கு கிடையாது. எதிலும் கையெழுத்துப் போடச் சொல்லி அவர்களை யாரும் கேட்டதில்லை. திடல் போனால் முதலில் வெளியே போகப்போவது அவர்கள். இன்றைக்கு அவர்களுக்கு நாற்காலியும் இல்லை.

இப்போது படிவங்களுக்கு வருகிறேன். இதில் தவறு செயலாளருடையது. இங்கே சொல்லக்கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். சொல்வேன்.

ஒரு வருடம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். விதிப்படி முப்பது பேர் வேண்டும். மன்றத்தின் பதிவே போய்விடும் நிலைமை. அப்போது தங்கராஜு ஒரு வழி கண்டுபிடித்தார். ஜனவரியில் பிள்ளைகளைச் சேர்த்துப் பெற்றோர் உறுப்பினராகும்போது ஜெர்சி அளவு எழுதும் தாளோடு ஒரு புரோக்சி படிவத்தையும் நீட்டுவார். எனக்குப் பதிலாக இன்னார் வாக்களிக்கலாம் என்கிற படிவம். இன்னார் யார் என்ற இடம் காலி, எதற்கு வாக்கு என்ற இடமும் காலி. கீழே கையெழுத்து மட்டும். நீங்கள் போட்டீர்கள். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று டிக் போட்டு, அடுத்த தாளில் கையெழுத்துப் போட்டீர்கள். என்ன என்று ஒருவர் கேட்டீர்களா? பார்க்கிங் நேரம் முடிகிறது என்று ஓடினீர்கள். அவர் அவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். வரவுசெலவை ஏற்கிறோம், சென்ற கூட்டக் குறிப்பை ஏற்கிறோம், இவ்வளவுக்குத்தான் பயன்படுத்துவார். மீதியைக் கூட்டம் முடிந்ததும் கிழித்துப் போடுவார். பதினைந்து வருடம் இப்படியே நடந்தது. வேறு யார் கைக்குப் போனாலும் கிழித்துப் போடுவார்கள் என்று நம்பினார். இந்த மன்றத்தை நன்றாகத் தெரிந்தவர் எப்படி அப்படி நம்பினார் என்பது எனக்குப் புரியவில்லை.

இந்த வருட மே மாதப் பொதுக்கூட்டம் ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓர் உணவகத்தின் மாடியில் நடந்தது. வந்தவர்கள் பத்தொன்பது பேர். 'பிற விவகாரங்கள்' என்று கடைசியாக ஒரு தலைப்பு வருமே, பிரியாணி வாசனை மேலே ஏறி வரும் நேரம், அப்போது தலைவர் எழுந்தார். அரங்க விற்பனைக்கு மன்றத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற தீர்மானத்தைப் படித்தார். நூற்றுப் பதினான்கு படிவங்களை மேசையில் வைத்தார். காலி இடங்களில் அவர் பெயர் நிரம்பியிருந்தது.

தங்கராஜு எழுந்து, "அழகப்பா, இந்த ஃபாரம் எதுக்கு வாங்கினதுன்னு உனக்குத் தெரியும்" என்றார்.

"நீங்கதானே அண்ணே சொல்லிக் கொடுத்தீங்க" என்றார் தலைவர்.

சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். அதில் என் பெயரும் இருக்கிறது. "டின்ன எடுத்துட்டு வாம்மா, ஆள் பத்தாது" என்று முந்தின நாள் தலைவர் போன் செய்தபோது, மன்றத்து அலமாரியைத் திறந்து டின்னை எடுத்துக்கொண்டு போனது நான். எதற்கென்று எனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி தெரியும். திடலுக்குப் பதிலாக பிடோக்கில் ஒரு கடைத்தொகுதியின் மொட்டை மாடியில் செயற்கைப் புல் தருகிறார்கள், பெண்கள் அணிக்கு வாரம் இரண்டு மணி நேரம் உறுதி, தலைமைப் பயிற்றுவிப்பாளர் நான் என்று தலைவர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அங்கே ஐந்து பேர் ஆடலாம். பதினொரு பேர் ஆட முடியாது. பதினொரு பேர் ஆட முடியாத மன்றத்துக்கு லீக்கில் இடமில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

நம் விதி பதினெட்டு என்ன சொல்கிறது? இருபத்தைந்து உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால், எந்தத் தீர்மானமும் மறுபடி வாக்குக்கு வரும்வரை நிறுத்தி வைக்கப்பட வேண்டும். நம் சம்மதம் நின்றால் பதினொரு மன்றங்களின் திடலும் நிற்கும். அந்த இருபத்தைந்து கையெழுத்துக்காகத்தான் எழுபத்திரண்டு வயதில் அவர் வீடு வீடாக ஏறினார். ஐந்து வாரம். தோ பாயோ, பிடோக், உங்கள் ஒவ்வொருவர் வாசலிலும் நின்றார். கூட்டக் குறிப்பு எழுதியே பழகிய கை அது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நோட்டில் குறிப்பு எழுதினார். தேதி, புளோக் எண், யார், என்ன சொன்னார், எல்லாம் இருக்கிறது. வாசிக்கிறேன்.

"கதவைத் திறந்தார். அங்கிள், பையன் இப்ப பேட்மிண்டன் மாறிட்டான், எங்களுக்கு எதுக்கு என்றார். தண்ணீர் கொடுத்தார்."

"கிரில் கேட்டுக்குள் நின்றே பேசினார். தலைவர் எங்க கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கிறவர், புரிஞ்சுக்குங்க என்றார். புரிந்தது."

"விக்கட்டுமே அங்கிள், பக்கத்துல காண்டோ அடுக்குமாடி வந்தா நம்ம வீட்டு விலையும் ஏறும்ல என்றார். மகன் பன்னிரண்டு வயது அணியில் இடதுபுறம் ஆடுகிறான். நல்ல உதை."

பெயர்களை வாசிக்கவில்லை. இடதுபுறம் ஆடுபவனின் அப்பா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். தலையைக் குனிய வேண்டாம் ஐயா, வீட்டு விலை ஏறும்.

இன்னொரு குறிப்பு. "ஆரபி. வாசலில் காலணி இருந்தது. மணி அடித்தேன், திறக்கவில்லை. பயிற்சி முடிந்து களைத்திருப்பாள். மறுபடி வர வேண்டும்." மறுபடியும் வந்தார். அன்றைக்கும் நான் கதவுத் துளை வழியாகப் பார்த்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். மின்தூக்கி வரும்வரை அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றார். மார்பைத் தடவிக்கொண்டார். நான் பார்த்தேன். திறக்கவில்லை.

அதற்கு நான்காம் நாள் தோ பாயோவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விழுந்தார். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருவர்தான் பார்த்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்போது முடிந்துவிட்டது. பையில் அந்த நோட்டும் விதி பதினெட்டின் மனுவும் இருந்தன. மனுவில் பதினாறு கையெழுத்து. அவர் உடலைக் கிடத்தியிருந்த பந்தலில் வைத்து நான் பதினேழாவதாகப் போட்டேன். உயிரோடு இருந்தவர் கேட்டபோது போடவில்லை. இதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் வரிசையில் நின்று திட்டுங்கள், எனக்குப் பின்னால் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.

அவர் மனைவி பூவம்மா அக்காவும் ஆயுள் உறுப்பினர்தான். அவரிடம் கேட்டேன். "முப்பத்தோரு வருஷம் ஞாயித்துக்கிழமை அவரு வீட்ல இருந்ததில்ல. இப்ப மத்த ஆறு நாளும் இல்லாம பண்ணிட்டீங்க. என்கிட்ட சைன் கேக்காதம்மா. இதையும் மைக்ல சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன், அக்கா. உங்களிடம் இனிக் கேட்கமாட்டேன்.

இப்படிப்பட்ட கூட்டத்தில் கடைசியாகப் பேசுபவர், அன்னார் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டும். நீங்கள் கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போக வேண்டும். எனக்கு உறுதி வேண்டாம். நினைவுக் கோப்பை வேண்டாம். அவர் பெயரில் ஐவர் ஆட்டப் போட்டி நடத்தப் போவதாகச் செயற்குழு அறிவித்ததே, மொட்டை மாடியில், அதுவும் வேண்டாம். அவர் விட்ட பணி எட்டுக் கையெழுத்து. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இந்த மனு செயற்குழுவிடம் போய்ச் சேர வேண்டும். ஒரு வாரமாக நானும் உங்கள் கதவுகளைத் தட்டிவிட்டேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் எல்லோரும் கதவு இல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மனு இதோ இருக்கிறது. எட்டுப் பேர் எழுந்து வாருங்கள்.

தலைவர் அவர்களே, மைக்கை அணைக்கச் சொல்ல வேண்டாம், எனக்குச் சத்தமாகவே பேசத் தெரியும். முகைதீன், நீங்கள் வராதீர்கள், உங்கள் கையெழுத்து செல்லாது. உறுப்பினர்கள் வாருங்கள். பெற்றோர்கள் வாருங்கள். எதில் போடுகிறோம் என்று இந்த முறை வாசித்துவிட்டுப் போடுங்கள்.

தேநீர் ஆறட்டும். நான் நிற்கிறேன்.

எட்டுப் பேர்.

சரி, முதலில் ஒருவர். ஒரே ஒருவர் எழுந்து வாருங்கள்.