ஏரிப்படுகைக்கு ஏற்ற வண்டி

ஒரு வண்டியை வாங்கப் போகிறவன் முதலில் குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பெயிண்டையும் விளக்கையும் மட்டும் பார்க்கிறவன், பெண் பார்க்கப் போய் வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவன். இதை எளாவூரில் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காதில் வாங்கிக்கொண்டவர் ஒருவரும் இல்லை.

நேற்று வாக்குமூலம் எழுத வந்த குமாஸ்தா இரண்டு வண்டிகளையும் 'மேற்படி மோட்டார்' என்றே எழுதினார். எது ஜீப், எது லேண்ட் ரோவர் என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. வழக்கே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால் மாஜிஸ்திரேட் அவர்களிடம் காகிதம் கேட்டு வாங்கி, திருவள்ளூர் சப்ஜெயிலில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கொடுக்கிற காப்பிதான் வாயில் வைக்கும்படி இல்லை.

என் பெயர் துளசிராமன். எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டி எனக்கு நாற்பது காணி நஞ்சை இருக்கிறது. யுத்தம் முடிந்து ஆவடியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு ஜீப் எடுத்தேன். கூடவே ஒரு பைனாகுலர். சுற்றுவட்டாரத்தில் அன்றைக்கு இரட்டை மாட்டு வண்டியைத் தவிர வேறெதுவும் கிடையாது.

எங்கள் கரைக்கு எதிரே ஏரிக்குள் தோணித்திட்டு என்று ஒரு தீவு. எண்பது வீடுகள். மழைக்காலத்தில் படகில் போவார்கள். கோடையில் ஏரி வற்றி, இரண்டரை மைலுக்கு உப்புப் பூத்த தரை வெள்ளை வெளேரென்று கிடக்கும். பார்வைக்குச் சிமெண்டுத் தளம்தான். ஆனால் சில இடங்களில் மேலே நாலு விரல் கனத்துக்கு ஓடு மாதிரி காய்ந்திருக்கும், கீழே ஆள் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. எது தரை, எது சேறு என்று கண்ணால் சொல்ல முடியாது.

அதைச் சொல்வதற்குக் குப்பம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள். சிப்பி பொறுக்குகிறவள். ஒவ்வொரு கோடையிலும் தண்ணீர் வடிந்ததும், தலையில் நிறைகுடத்தோடு வெறுங்காலில் அந்த இரண்டரை மைலையும் நடந்து பார்ப்பாள். குடத்துக் கனத்தில் குதிகால் எங்கே அமுங்குகிறதோ அங்கே விலகிவிடுவாள். நல்ல தரையில் வரிசையாகச் சவுக்குக் கழி நட்டு, உச்சியில் பனையோலை கட்டுவாள். கழி வரிசையை ஒட்டியே வண்டி ஓட்ட வேண்டும். அவளைத் தவிர வேறு யாரும் கழியைத் தொடக் கூடாது. குடிக்கிற கிணற்றில் விஷம் கலப்பதற்குச் சமம் என்பார்கள். படித்தவன் ஒருவன்கூட இல்லாத இடத்தில் சட்டம் இப்படித்தான் இருக்கும்.

எட்டுக் கோடைகாலம் அந்தப் பாதையில் ஓடிய ஒரே மோட்டார் என்னுடையதுதான். கல்யாணமோ காய்ச்சலோ, திட்டுக்காரர்கள் என் வாசலில் வந்து நிற்பார்கள். நான் ஒரு காசு வாங்கியதில்லை. அவர்கள் வந்து நிற்பார்கள், நான் நாஷ்டா முடித்துக் கைகழுவிவிட்டு வெளியே வருவேன், அதுவரை காத்திருப்பார்கள். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. இதைப் பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

போன வருஷம், ஐம்பத்து நாலில், பழவேற்காட்டு வியாபாரி ஜலாலுதீன் ஒரு லேண்ட் ரோவர் வாங்கினார். கருவாடும் சிப்பியும் ஏற்றுகிறவருக்கு எதற்கு அந்த வண்டி என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எளாவூர் ரஸ்தாவில் இருந்த தம் கிடங்கில் நிறுத்தினார். ஓட்டுவதற்குப் பாக்கியராஜை வைத்துக்கொண்டார். பாக்கியராஜ் முப்பத்தைந்து வயசுக்காரன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். என்னிடம் ஆறு வருஷம் இருந்தவன். ஜீப்பைத் துடைக்கவும் ஆயில் மாற்றவும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆள் ஏற்றியிருக்கும்போது ஸ்டியரிங்கை அவனிடம் கொடுத்ததில்லை. அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம்.

இரண்டு வண்டிகளையும் நான் ஒழுங்காக ஒப்பிட்டேன். ஜலாலுதீனை அழைத்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை சோதனை வைத்தேன். நாகலாபுரம் மலையில் விறகு வண்டி ஏறும் பாதையில் ஜீப் முதலில் ஏறியது. பழவேற்காட்டுக் கடலோர மணலில் இரண்டும் சமம். ஆற்று மணலில் பாரம் ஏற்றிப் பார்த்தபோது லேண்ட் ரோவர் கூடுதலாக இழுத்தது. அன்றாட உபயோகம் என்று வந்தால், அதற்குக் கதவு இருக்கிறது, மழை உள்ளே வராது, பின்பக்கம் ஒரு ஆள் கொஞ்சம் மடங்கிப் படுக்கலாம். என் ஜீப்பில் படுக்க வைத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் மறைக்காமல் நோட்டில் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், "கனம்: லே.ரோ. அதிகம். ஆகையால் சேற்றுத் தரையில் ஜீப்பே தாண்டும், லே.ரோ. தாண்டாது. இது நிச்சயம்" என்று எழுதிக் கோடு போட்டேன். அந்த நோட்டு போலீஸ் வசம் இருக்கிறது.

ஜலாலுதீன் அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் நல்ல வண்டிதான் நைனா. இதுல இன்னா போட்டி?" என்றார். போட்டி இருப்பதே தெரியாத ஆளிடம் ஜெயிப்பது எப்படி என்று மாஜிஸ்திரேட் அவர்களே சொல்லட்டும்.

பாக்கியராஜ் அப்படி இல்லை, அவனுக்குத் தெரியும். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் லாரிக்காரர்கள் எது உசத்தி என்று அவனைக் கேட்டிருக்கிறார்கள். நான் கடைக்குப் பின்னால் ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் நிதானமாகத்தான் பேசினான். ஜீப்பு நல்ல வண்டி, இஞ்சின் கல்லு மாதிரி, ஒரு குறை சொல்ல முடியாது என்றான். பிறகு சொன்னான்:

"இன்னா ஒண்ணு, அதுல ஏறுனா நைனாவயும் சேத்து ஏத்திக்கினு போவணும். அதான் பேஜாரு."

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோபம் வந்தது என்று குமாஸ்தா எழுதியிருக்கிறார். கோபம் இல்லை. வண்டியைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு மனிதனைப் பற்றிப் பதில் சொல்வது ஒப்பிடும் முறையே அல்ல என்று தோன்றியது.

அதன்பிறகு என் வாசலில் ஆள் குறைந்தது. பிரசவம் பார்க்கும் நர்ஸ் செண்பகம் வாரம் ஒரு தடவை திட்டுக்குப் போவாள். எப்போதும் என் ஜீப்பில்தான். அவளும், நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டுவர வசதி என்று ஜலாலுதீனின் பச்சை லேண்ட் ரோவருக்கு மாறினாள். என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் மாறினாள். நல்ல பெண்தான், வண்டி ஞானம் கிடையாது.

இந்த வருஷம் வைகாசியில் ஒரு புதன்கிழமை. திட்டிலிருந்து முத்தம்மாள் என்பவளின் புருஷன் கரைக்கு ஓடி வந்தான். பெண்டாட்டிக்கு முதல் பிரசவம், வலி கண்டுவிட்டது. திட்டுப் பாதை என் வாசல் வழியாகத்தான் ரஸ்தாவுக்குப் போகிறது. ஜீப் வாசலில் நின்றது. நானும் நின்றேன். கையெடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நிற்காமல் ஜலாலுதீன் கிடங்குக்கு ஓடினான். அரைமணியில் லேண்ட் ரோவர் அவனையும் செண்பகத்தையும் ஏற்றிக்கொண்டு என் வாசலைத் தாண்டித் திட்டுக்குப் போயிற்று. அன்று அது திரும்பவில்லை. அங்கேயே பிரசவம் ஆகுமா என்று செண்பகம் தங்கிப் பார்க்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் கடல்காற்று எழுந்து, வழக்கம்போல ஏரித் தண்ணீர் தரைமேல் சாண் அளவு ஏறி, விடிவதற்குள் வடிந்துவிட்டது. சக்கரத் தடம் முழுக்க அழிந்திருந்தது. மறுநாள் உச்சிவெயிலில், சிப்பி பொறுக்குகிறவர்கள் வீடு திரும்பிய பிறகு, நான் நடந்து போனேன். தெற்கே இருக்கிற சேற்றை விலக்கிப் பாதை வளைகிற இடத்தில் ஏழு கழிகளின் ஓலையை அவிழ்த்து, பிடுங்கி ஒரே கட்டாகத் தூக்கிக்கொண்டு போய், தெற்கே முப்பது கஜம் தள்ளி நட்டேன். கழிக்குக் கழி பத்துப் பத்துக் கஜம், கயிறு பிடித்து அளந்தேன். குப்பம்மாள் கட்டிய ஓலையையே கட்டினேன். அவ்வளவு வெயிலில் அரைமணியில் முடித்தது என் வயசுக்கு அதிகம்தான்.

ஆளைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. வண்டி சேற்றில் இறங்கும், ஊர் பார்க்கும், நோட்டின் கடைசிப் பக்கம் சரி என்று ஆகும். அதற்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சோதனைக்குச் சம்பந்தம் இல்லாதது. பாரம் இருந்தால் சோதனை இன்னும் துல்லியமாகும் என்றுகூட நினைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் வண்டி திட்டைவிட்டுக் கிளம்பியது. நான் என் வரப்பில் நின்று பைனாகுலரில் பார்த்தேன். பாக்கியராஜ் கவனமாகத்தான் ஓட்டினான். கழியை ஒட்டியே வந்தான். நான் மாற்றி நட்ட நாலாவது கழியில் முன்சக்கரம் இரண்டும் அமுங்கின. பின்னால் எடுக்கப் பார்த்தான், பின்சக்கரமும் அமுங்கிற்று. இறங்கி மண்வெட்டியால் தோண்டினான். முழங்கால்வரை போனான், பிறகு இடுப்புவரை. செண்பகத்தின் வெள்ளைச் சேலை பின்கதவில் தெரிந்தது. அவள் இறங்கவில்லை. உள்ளே படுத்திருந்த முத்தம்மாளை விட்டு இறங்க முடியாது போலிருக்கிறது.

புருஷன்காரன் உள்ளேயிருந்து ஒரு பாயை எடுத்து விரித்து, அதன்மேல் தவழ்ந்து, மறுபடி இழுத்து விரித்து, அப்படியே கெட்டித் தரைக்கு வந்து சேர்ந்தான். அங்கிருந்து என் வரப்புக்கு ஒரு மைல் ஓடி வந்தான். தலையிலிருந்து கால்வரை சேறு. முந்தின நாள் நிற்காமல் போனவன் இப்போது என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"வண்டிய எட்த்துக்கினு வா நைனா. காத்து எழும்பப் போவுது. தண்ணி ஏறிட்ச்சினா எம் பொண்டாட்டி பூடுவா நைனா."

பாட்டரி இறங்கிவிட்டது என்று சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அவன் எழுந்து ஊருக்குள் ஓடினான்.

காற்று ஐந்து மணிக்கு எழுந்தது. குப்பம்மாளும் இன்னும் நாலு பெண்களும் ஓலைத்தட்டிகளைச் சேற்றின்மேல் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது வண்டிக்குள் தண்ணீர் வந்திருந்தது. செண்பகத்தைப் பிழைக்க வைத்தார்கள். முத்தம்மாளும் வயிற்றுப் பிள்ளையும் இல்லை. பாக்கியராஜை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. லேண்ட் ரோவர் பானெட்வரை இறங்குவதற்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நோட்டில் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கழி நட்டது குப்பம்மாள்தானே என்று அவளைப் பிடிக்கப் பார்த்தார். அவள் ஒரு கழியைப் பிடுங்கி அவர் முன்னால் போட்டாள்.

"இது நான் நட்டது இல்ல சார். நான் நுனியத்தான் கீய எறக்குவேன். எம்மாந்தூரம் எறங்குதுன்னு கைக்குத் தெரியணும்ல. இது அடி கீய இருக்குது பாரு. அவரப் பந்தலுக்கு நடுற மாதிரி எவனோ நட்டுக்கீறான்."

எனக்கு அது தெரியாமல் போயிற்று. எட்டு வருஷம் அந்தக் கழிகளை ஒட்டியே ஓட்டியவன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. கழி என்றால் பருத்த முனை கீழே என்பது உலக வழக்கம். நான் ஒழுங்காக நட்டேன், அவள் தலைகீழாக நடுகிறவள்.

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டுவிட்டு, எவனாவது குடிகாரன் விளையாட்டுக்குச் செய்திருப்பான் என்று எழுதப் போனார். கூட்டத்தில் நானும் இருந்தேன். குடிகாரனால் ஏழு கழிகளைப் பத்துப் பத்துக் கஜத்தில் ஒரே நேராக நட முடியுமா என்று கேட்டேன். அளந்து பாருங்கள், நான்தான் நட்டேன் என்றேன். இவ்வளவு சுத்தமான வேலையை ஒரு குடிகாரன் பேரில் எழுத விட எனக்கு மனசு வரவில்லை.

மாஜிஸ்திரேட் அவர்கள் நேற்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வண்டியைப் பற்றித் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அல்ல, ஆனாலும் பதில் எழுதுகிறேன். முத்தம்மாளின் புருஷன் வந்து கெஞ்சியபோது, சேற்றைத் தாண்டும் என்று நிச்சயமாக எழுதி வைத்த ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏன் போகவில்லை என்று கேட்டார். எப்படிப் போவேன், அந்தச் சேற்றில் இறக்கினால் என் ஜீப்பும் புதைந்துபோகும் என்பது எனக்குத் தெரியாதா.