அண்ணையின் குரலிருந்த தட்டு

இசைத்தட்டைத் துடைப்பதற்குப் பழைய வேட்டியின் நடுத்துண்டுதான் பொருத்தமானது. புது வேட்டி நூல் விடும். துண்டை இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கோடுகள் போகும் வழியிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தி, உறையிலிட்டு, நிமிர்த்தி அடுக்க வேண்டும். படுக்க வைத்தால் எங்கள் வெயிலுக்கு அப்பளம் மாதிரி வளையும். உடுவில் கிராமத்து வீட்டிலிருந்த எழுபத்திரண்டு தட்டுகளையும் மூன்று வருடம் இப்படித்தான் பேணினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்தது கவனக்குறைவு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தட்டுகள் அண்ணையுடையவை. தியாகலிங்கம் அண்ணை மலாயா றெயில்வேயில் கிளாக்கர். லீவில் வரும்போதெல்லாம் நாலைந்து தட்டுகள், எங்கள் பேச்சில் பிளேற்றுகள், கொண்டுவருவார். நாற்பதாம் ஆண்டு வரமுடியாமற் போகவே, சிங்கப்பூரில் பாட்டுப் பதியும் சிநேகிதர் ஒருவரைப் பிடித்துத் தன் குரலையே ஒரு தட்டில் பதிந்து அனுப்பினார். செல்வநாயகி மச்சாள், அதாவது அவர் மனைவி, அதைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

அதில் அண்ணை பேசுவது இரண்டு நிமிடம். "செல்வநாயகி, நான் சுகம். மாரிக்கு முந்திக் கூரையை மேயப் பண்ணு. அம்மாவைப் பார்த்துக்கொள். பிளேற்றுகளைத் தம்பியிட்டைக் குடுக்காதை. உவன் ஒண்டையும் உருப்படியா வைச்சிருக்கமாட்டான்." பிறகு ஒரு சிரிப்பு.

நாற்பத்திரண்டில் யப்பான்காரன் மலாயாவைப் பிடித்தான். கடிதம் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்ததும் மச்சாள் அந்தத் தட்டைப் போடுவாள். கிராமபோன் ஊசி கிடைக்காத காலம். காரைமுள்ளைச் சீவி நான்தான் பூட்டிக் கொடுப்பேன். அக்கம்பக்கத்துப் பெண்களும் கேட்க வருவார்கள். கடைசி வரி வந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

"கேட்டியோ தம்பி? கடலுக்கு அங்காலை நிண்டும் உன்னை விடுறாரில்லை."

"விடுங்கோ, அவன் இப்ப நல்லாத்தானே துடைக்கிறான்" என்பாள் மச்சாள். அவளும் சிரிப்பாள். நாளில் அவள் சிரிப்பது அந்த ஒரு தடவைதான். ஆகவே நானும் சிரிப்பேன்.

கல்லூரிக் கையெழுத்துச் சஞ்சிகையில் ஆசிரியர்களைப் பகிடி பண்ணி எழுதுகிறவன் நான். பகிடியைத் தாங்கும் மனம் நம்மவர்களுக்குக் குறைவு என்று அதில் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறேன்.

மூன்று வருடமாகியும் தகவல் இல்லை. பெரியப்பா முத்துக்குமாரு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "இருந்தால் ஒரு துண்டெண்டாலும் வந்திருக்கும், பிள்ளை. கீரிமலையிலை அந்தியேட்டியைச் செய்து அவன்ரை ஆத்துமாவை அனுப்பிவிடுவம்."

மச்சாள் தலை நிமிரவில்லை. "வீட்டிலை நாள்தோறும் கதைக்கிற மனிசனுக்கு ஆர் அந்தியேட்டி செய்யிறது, மாமா?"

வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு தட்டு அவளைச் சுமங்கலியாக வைத்திருந்தது. வராதவருக்காக ஒரு பெண் இப்படிக் காத்திருந்து தேய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பாவமாகப்பட்டது. அன்று மாலையும் தட்டு ஓடியது. கடைசி வரிக்கு எல்லோரும் திரும்பினார்கள்.

தட்டு அரக்கினால் ஆனது. அரக்கு தண்ணீரில் கரையாது; ஸ்பிரிட்டில் கரையும். கல்லூரி ஆய்வுகூடத்தில் இதைப் படித்தேன், அந்தப் பாடத்தில் நல்ல புள்ளியும் எடுத்தேன். அங்கே விளக்குக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டில் ஒரு மைப்போத்தல் அளவு கொண்டுவந்தேன். சித்திரை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, மச்சாள் கோயிலுக்குப் போயிருந்தபோது, கோடுகள் போகும் வழியிலேயே வட்டமாகத் துடைத்தேன். துணி கறுத்தது. குறுக்கே ஒரு தரமும் இழுக்கவில்லை.

மாலையில் முள் இரைந்தது, குரல் வரவில்லை. மச்சாள் கடைசிவரை கேட்டாள். திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணை போயிட்டார், தம்பி" என்றாள்.

"கனதரம் ஓடின பிளேற்று, மச்சாள். தேய்ஞ்சிருக்கும்."

"நீ எவ்வளவு கவனமாத் துடைச்சனி. தட்டிலை பிழையில்லை. அவர்தான் சொல்லாமல் போயிட்டார்."

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள். அந்தக் கையின் பாரம் இன்னும் இறங்கவில்லை. 

அண்ணைக்குப் பிள்ளை இல்லாதபடியால் கீரிமலையில் கிரியை செய்தவன் நான்தான். ஐயர் சொன்ன மந்திரத்தைப் பிசகாமல் சொன்னேன். மச்சாளின் தாலியைக் கழற்றினார்கள். நெற்றியை அவளே துடைத்தாள், யாரையும் விடவில்லை. அம்மா பெரிதாக அழுதா. நானும் அழுதேன், அது நடிப்பல்ல.

ஆவணியில் யுத்தம் முடிந்தது. ஐப்பசியில், நான் கல்லூரிக்குப் போகும் வழியில், தபாற்காரர் என்னை மறித்து ஒரு கார்ட் தந்தார். அண்ணையின் கையெழுத்து. சயாமில் தண்டவாளம் போட யப்பான்காரர் கொண்டுபோனார்களாம்; காய்ச்சலாம்; இப்போது சுகமாம்; தையில் கப்பல் ஏறுவாராம்.

கார்ட் வந்து பதினொரு நாளாகிறது. என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. காலையில் மச்சாள் வெள்ளைச் சேலையுடன் கிணற்றடியில் நின்று தண்ணீர் அள்ளுவதைப் பார்க்கிறேன். பையில் கை போகிறது. ஆனால் மூன்று வருடத் தவிப்புக்குப் பிறகு இப்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்திருக்கிறது. அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?