ஓநாய்க்குப் பதிலா வாத்து

இல்லைங்க மேடம், உங்களைப் பாத்துச் சிரிக்கல. உள்ள படத்துல அந்த நொண்டி வாத்து வந்து தும்மினப்போ நீங்க பக்கத்து சீட்ல தலையில அடிச்சுக்கிட்டீங்க. அதே நேரம் பாத்து நான் வாய்விட்டுச் சிரிச்சுத் தொலைச்சேன். புத்தகத்துல வாத்து கிடையாதுதான், ஒத்துக்கறேன். ஓநாய். பாலத்துக்குக் காவல் நிக்கிற ஓநாய். ஏழு புத்தகத்துலயும் வருது, ஒரு இடத்துல கூடத் தும்மல.

காபி வேணுமா? நான் வாங்கிட்டேன், ஆனா உள்ள இறங்க மாட்டேங்குது. இன்டர்வல் பதினஞ்சு நிமிஷம்னு போட்டிருக்கான், இப்ப ஆறு ஆச்சு. நீங்க உக்காருங்க. எனக்கு உக்காந்தா இருப்புக் கொள்ளாது. உங்க கண்ணாடி மூக்குல இறங்கி இறங்கி வருதே, குடுங்க இப்படி. அட பயப்படாதீங்க, இருபத்தாறு வருஷமா கண்ணாடிக் கடையில லென்ஸ் தேச்சு மாட்டறவன்தான். காதுக்குப் பின்னால வளைவு பத்தல, அவ்வளவுதான். இந்தாங்க. கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்.

லைப்ரரியில வேலையா? அதான பாத்தேன், பக்க நம்பரோட சண்டைக்கு வர்றீங்களேன்னு. நீங்க சொல்றதெல்லாம் சரிதான். மந்திரவாதிக்குத் தாடி இல்ல, ரெண்டு ராஜ்யத்தை ஒண்ணாக்கிட்டாங்க, நாலாவது புத்தகத்துல வர்ற சண்டையை முதல்லயே வச்சுட்டாங்க. இருந்தாலும் மேகம் மேய்க்கிற அந்தப் பொண்ணு ஆத்துல படகு விட்டு, ஆறு அப்படியே மலை மேல ஏறுச்சே, எனக்கு வயிறு கூசிப் போச்சுங்க. எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு, அதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்.

படிச்சிருக்கேனாவா? வரி வரியா. என் மகளுக்கு ஏழு வயசு அப்போ. அவ அம்மா எட்டு மாசமா ஆஸ்பத்திரியில. சாயங்காலம் கடையிலேருந்து நேரா வார்டுக்குப் போயி, வெளிய பெஞ்சுல இவளை உக்கார வச்சுப் படிச்சுக் காட்டுவேன். புத்தகம் இங்கிலீஷு, இவளுக்குப் புரியாது. நான் கண்ணால இங்கிலீஷைப் பாத்து வாயால தமிழ்ல சொல்லணும். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல கடையிலயே ஒரு தடவை முன்னாடி படிச்சு வச்சுக்குவேன், அப்பதான் சாயங்காலம் திணறாம வரும்.

ஓநாய்னாலே கால் ரெண்டையும் தூக்கி பெஞ்சு மேல வச்சுக்குவா. அதனால ஓநாயை எடுத்துட்டு ஒரு நொண்டி வாத்தைப் போட்டேன். தும்மல் எதுக்குன்னா, ஆஸ்பத்திரி மருந்து வாடைக்கு எனக்குத் தும்மல் வரும், அதையும் கதையிலயே சேத்துட்டேன். அவ அப்படிச் சிரிப்பா.

அதான் நானும் கேக்கறேன், நான் விட்ட வாத்து படத்துக்குள்ள எப்படி வந்துச்சு? இருங்க, சொல்றேன். மணி என்ன? ஒம்போது நிமிஷமா?

மூணாவது புத்தகத்துல அந்த மேகம் மேய்க்கிற பொண்ணோட அம்மா விரல்லேருந்து கல்லா மாறிக்கிட்டே வருவா இல்ல. மத்தியானம் கடையில உக்காந்து படிக்கிறேன், முழுசாக் கல்லாயி, உடைஞ்சு ஆத்துல விழுந்துடறா. புத்தகத்தை மூடி வச்சுட்டேன். சாயங்காலம் அதே பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு, கல்லு இளகுச்சு, அம்மா எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தாங்கன்னு படிச்சேன். தடுமாறாமப் படிச்சேன். இவ கேட்டா, நம்ம அம்மாவும் வந்துடுவாங்களாப்பா? வந்துடுவாங்கடான்னேன். வேற என்னத்தைச் சொல்றது?

பதினோரு நாள். அப்புறம் அவ அம்மா போயிட்டா.

இவ அழுதா. ஆனா கதையைப் பத்திக் கேக்கல. பதினாலு வயசுல பள்ளிக்கூட லைப்ரரியிலேருந்து அதே மூணாவது புத்தகத்தைத் தானே எடுத்துட்டு வந்தா. நான் சாப்பிட உக்காந்திருக்கேன், தட்டுக்குப் பக்கத்துல விரிச்சு வச்சா. நீங்க எந்தப் பக்கத்தைப் படிச்சீங்கன்னு கேட்டா. அதுவரைக்கும் நீ, வா, போன்னு பேசின பொண்ணு மேடம். அன்னிலேருந்து நீங்கதான். மரியாதையாப் பேசியே கொன்னுட்டா. அன்னிக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் தட்டைக் கழுவ எழுந்து போயிட்டேன். அப்புறம் படிப்பு, வேலைன்னு தூரமாப் போயிட்டா. ஃபோன் பண்ணுவா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா, வச்சுடுவா. போன மாசம் ஒரே ஒரு வரி அனுப்பினா. படம் வருது, முடிஞ்சாப் பாருங்க.

பாத்தேன். இது மூணாவது தடவை. சிரிக்காதீங்க, மூணு தடவையும் பாதி வரைக்கும்தான். அந்த அம்மாவுக்கு முழங்கை வரைக்கும் கல்லாயிருச்சு, அதோட இடைவேளை விட்டுடறான். நான் இங்க வந்து நிப்பேன், மணி அடிக்கும், நான் வெளிய போயிடுவேன். எம் முகத்துல அடிக்கிற மாதிரி அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து வச்சிருந்தா? நான் சொன்னது பொய்யின்னு இவ்வளவு பெரிய திரையில காட்டினா? என்னால தாங்க முடியாது மேடம். அதுக்குப் பாதியிலயே போயிடறது மேல். கடையில கேட்டா படம் பிரமாதம்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

இதோ மணி அடிச்சுட்டான். நீங்க போங்க. நான் இப்படியே...

என்னது?

இல்ல, கோவிச்சுக்கல, முடிவைச் சொன்னதுல தப்பில்ல. நீங்க ஏற்கெனவே முழுசாப் பாத்துட்டீங்களா? இன்னொரு தடவை சொல்லுங்க. கல்லு இளகுதா? எழுந்துடறாளா? நடந்தா, வீட்டுக்கே நடந்தா வர்றா? அதுதான் உங்களுக்குப் பொறுக்கலையா, முழுத் தொடரையும் கெடுத்துட்டாங்கன்னு?

படத்துக்குக் கதை எழுதினவங்க புத்தகத்தைத் தொட்டுக் கூடப் பாத்திருக்க மாட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம். நான் சொன்னதும் தெரியும், அதுல இருக்கறதும் தெரியும். ரெண்டும் தெரிஞ்சுதான் எழுதியிருக்கா எம் பொண்ணு.

கொஞ்சம் வழி விடுங்க, நான் உள்ள போகணும்.